எங்கள் வீட்டில் மழை

கரும்பலகையின் இடப்பக்கம் ஒரு சார்ட், வலப்பக்கம் ஒரு சார்ட். இடப்பக்கத்தில் கதை. ஒரு கோழி அடைகாக்கிறது. மற்றக் கோழிகள் மேயப் போய்விட்டன. தண்ணீர்த் தொட்டி நாலடி தூரத்தில்தான் இருக்கிறது, கோழிக்கு நல்ல தாகம், ஆனாலும் அது எழுந்து போகவில்லை. வலப்பக்கத்தில் கதை இல்லை, வெறும் தகவல். முட்டைக்குச் சூடு வேண்டும், சூடு குறைந்தால் உள்ளே இருக்கும் குஞ்சு வளராது, இருபத்தொரு நாள் ஆகும். இரண்டுக்கும் நடுவில், சிவப்புக் கம்பளி நூல் கண்டைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாம் வகுப்பு டீச்சர் நின்றாள். எதிரே முப்பத்தொரு பிள்ளைகள்.

"இந்தப் பக்கத்துல இருக்கிற ஒரு விஷயம், அந்தப் பக்கத்துல இருக்கிற ஒரு விஷயத்தோட ஒட்டும். எது எதோட ஒட்டுது? கண்டுபிடிச்சவங்க வந்து நூலைக் கட்டலாம்."

"ரெண்டுலயும் கோழி இருக்கு டீச்சர்."

"சரி. அதுக்கு மேல?"

"ரெண்டுலயும் முற்றுப்புள்ளி இருக்கு டீச்சர்."

"ரெண்டு சார்ட்டும் ஒரே கடையில வாங்கினது டீச்சர். எங்க மாமா கடை."

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள். பதினான்கு வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறாள், கூட்டல் கழித்தலில்கூட இவ்வளவு தொண்டைத் தண்ணீர் வற்றியதில்லை. பிள்ளைகள் ஒரு பக்கத்தைக் கடகடவென்று படித்துவிடுவார்கள். அடுத்த பக்கத்தை எடுத்ததும் முதல் பக்கம் கழுவிக் கவிழ்த்த தட்டாகிவிடும். அதைக் கையில் பிடித்துக்கொண்டே இதைப் படிக்க வேண்டும் என்பதை ஏழு வயதுக்கு எப்படிப் புரியவைப்பது?

"வார்த்தை ஒண்ணா இருந்தா மட்டும் போதாது கண்ணுங்களா. ஒரு பக்கம் என்ன நடந்ததுன்னு சொல்லும். இன்னொரு பக்கம் ஏன் நடந்ததுன்னு சொல்லும். அந்த ரெண்டையும் நீங்கதான் சேர்க்கணும்."

மூன்றாவது வரிசையிலிருந்து ரப்பர் எழுந்து வந்தாள். எதை எழுதினாலும் அழித்து அழித்துத் தாளை ஓட்டையாக்கிவிடுவதால் பிள்ளைகள் வைத்த பெயர் அது. ஜூன் மாதம் வேறு பள்ளியிலிருந்து வந்து சேர்ந்தவள். தாய் இல்லாத பிள்ளை, அத்தைதான் கூட்டிவந்து சேர்த்தாள். வாயைத் திறந்து பேசினால் அன்றைக்கு அதிசயம். அவள் நூலை வாங்கி ஒரு முனையை 'நாலடி தூரத்தில் தண்ணீர்' என்ற இடத்தில் குத்தினாள். மறு முனையைச் 'சூடு குறைந்தால்' என்ற இடத்தில் குத்தினாள்.

"ஏன் அங்க?"

"அதுக்குத் தாகமா இருக்கு. ஆனா எழுந்து போனா குஞ்சு செத்துப்போயிடும். அதான் போகல."

"கதையில அப்படி எழுதலையே?"

"கதையில எழுதல. அதுல எழுதியிருக்கு" என்று வலப்பக்கத்தைக் காட்டினாள் ரப்பர்.

டீச்சர் அவளைப் பக்கத்தில் இழுத்து அணைத்துக்கொண்டாள். பிள்ளையின் தலையில் பசை வாசம் அடித்தது. அன்று முதல் ரப்பர் தானாகவே முதல் வரிசைக்கு வந்து உட்கார்ந்துகொண்டாள். யாரும் அவளை அங்கே மாற்றவில்லை.

*

பாடப்புத்தகத்தில் அடுத்த பாடம் மழை. போன வருஷம் டீச்சர் அந்தப் பாடத்தைத் தாண்டிப் போய்விட்டாள். ஹெட்மாஸ்டரும் கண்டும் காணாதவர்போல் இருந்துவிட்டார். இந்த வருஷம் முடியாது. மேலிடத்திலிருந்து பார்க்க வரப்போகிறார்கள், பாடம் விடாமல் நடந்திருக்க வேண்டும்.

தாண்டிப் போனதற்குக் காரணம் ஊருக்கே தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை மத்தியானம் அவளுடைய ஒரே மகள் அடிபட்டுப் போய்விட்டாள். எட்டு வயது. உருண்டையாக, எதற்கெடுத்தாலும் துள்ளிக்கொண்டு இருப்பாள் என்பதால் வீட்டில் பட்டாணி என்றே பெயர். அன்றைக்கு மழை வலுத்ததும் பள்ளியைச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். அழைத்துப்போக ஆள் வராத சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு டீச்சர் வகுப்பிலேயே இருக்கவேண்டியதாயிற்று. "நீ அப்பா பட்டறைக்குப் போயிரு, அம்மா வந்துடறேன்" என்று மகளின் கையில் குடையைக் கொடுத்து அனுப்பினாள். பட்டறை இரண்டு தெரு தள்ளி, ரோடு வளைகிற இடத்தில் இருந்தது. வளைவில் ஒரு ரொட்டி வேன் வந்தது. அவ்வளவுதான்.

கணவர் லேத் பட்டறை வைத்திருப்பவர். அவர் சொன்னது இதுதான்: "உள்ள வேலையா இருந்தேன். சத்தம் கேட்டு வெளிய ஓடிவந்து பார்த்தேன்." அதற்குமேல் ஒரு வார்த்தை அவரிடமிருந்து வரவில்லை. அவளும் கேட்கவில்லை. வழக்கு நடந்தபோது கோர்ட்டுப் பக்கமே போகவில்லை. வேன் ஓட்டியவனின் பெயரைத் தன் காதில் போடவே கூடாது என்று கணவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அவனை அவள் திட்டாத நாள் கிடையாது. பாத்திரம் தேய்க்கும்போது திட்டுவாள், துணி மடிக்கும்போது திட்டுவாள். கண்மண் தெரியாமல் ஓட்டியிருப்பான், குடித்திருப்பான், ஒரு பிள்ளை பெற்றவனாக இருந்தால் இப்படி ஓட்டுவானா என்பாள். கணவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருப்பார். அந்த வீட்டில் அதற்குப் பிறகு யாரும் ரொட்டி வாங்கியதில்லை.

மழை வந்தால் கணவர் வீட்டில் இருக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும் பட்டறைக்குப் போய்விடுவார். ஒருவருக்கொருவர் வேண்டியதைச் செய்துகொண்டார்கள். அவர் தண்ணீர் பிடித்து வைப்பார், அவள் சட்டைக்குச் சோப்பு போடுவாள், இரும்பு எண்ணெய்க் கறை எந்தச் சோப்புக்கும் போகாது. ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் இப்போது ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சண்டை என்று ஒன்று இருந்ததில்லை. இருந்திருந்தால் தேவலை.

*

பாடப்புத்தகத்தில் மழையைப் பற்றித் தகவல் இருந்தது. கடல், ஆவி, மேகம், துளி. அதோடு சேர்த்துப் பார்க்க ஒரு கதை வேண்டும். டீச்சருக்கு எந்த மழைக் கதையையும் வாசிக்கத் தெம்பு இல்லை. அதனால் பிள்ளைகளையே எழுதச் சொன்னாள். 'எங்கள் வீட்டில் மழை' என்று ஆளுக்கொரு பக்கம். மறுநாள் அதையும் பாடத்தையும் நூலால் சேர்க்கலாம்.

சாப்பாட்டு நேரத்தில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். ஒருவன் வீட்டில் கூரை ஒழுகும், நாலு பாத்திரம் வைப்பார்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சத்தம் போடும். ஒருத்தி வீட்டில் பூனை அடுப்புக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். மாமாவுக்குச் சார்ட் கடை இருப்பவன், மழை பெய்தால் சார்ட் வியாபாரம் படுத்துவிடும் என்று எழுதியிருந்தான். சிரித்துக்கொண்டே அடுத்த தாளை எடுத்தாள். இரண்டு இடத்தில் அழித்து ஓட்டையாகியிருந்த தாள்.

'எங்கள் வீட்டில் மழை. மழை பெய்தால் அத்தை ஒட்டின கவர் எல்லாம் கட்டிலுக்கு மேல் வைப்பார். அப்பா சாப்பிட மாட்டார். ரோட்டு முனைக்குப் போய் நிற்பார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஓரமாகப் போங்க ஓரமாகப் போங்க என்று சொல்வார். அப்பா முன்னாடி ரொட்டி வேன் ஓட்டினார். மழையில் ஒரு பாப்பா அடிபட்டு விட்டது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பட்டறையில் இருந்து அந்தப் பாப்பாவோட அப்பா ஓடி வா ஓடி வா என்று கூப்பிட்டார். பாப்பா ஓடி வந்தது. அப்பா பிரேக் போட்டார். நிற்கவில்லை. இதை அப்பா அத்தையிடம் சொல்லும்போது கேட்டேன். மழை நின்றால் அப்பா வீட்டுக்கு வந்து விடுவார்.'

அவள் முதலில் ரொட்டி வேன் என்ற இடத்தில்தான் நின்றாள். பிறகு கண் தானாகக் கீழே இறங்கியது. ஓடி வா ஓடி வா. அந்த வரியை அவள் எத்தனை தடவை படித்தாள் என்று அவளுக்கே தெரியாது. உள்ளே வேலையாக இருந்தேன், சத்தம் கேட்டு வந்தேன் என்பது ஒரு பக்கம். ஓடி வா ஓடி வா என்பது இன்னொரு பக்கம். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க அவள் கைக்குத் திராணி இல்லை. சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனாள்.

"சார், ஜூன்ல வந்து சேர்ந்ததே, அத்தை கூட்டிட்டு வந்த பொண்ணு. அவ அப்பா என்ன பண்றாரு?"

ஹெட்மாஸ்டர் பேனாவை மூடினார். மறுபடி திறந்தார்.

"மரக்கடையில தூக்குற வேலை."

"முன்னாடி?"

அவர் பேனாவை மறுபடி மூடினார்.

"உங்களுக்குத் தெரியும், இல்லையா?"

"சேர்த்தப்ப தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது. அப்புறம் தெரிஞ்சுது. இங்க இருக்கிறதே ஒரே ஒரு ரெண்டாம் கிளாஸ். எங்க தூக்கிப் போடுறது? சொல்லணும் சொல்லணும்னு நினைப்பேன். நீங்க அந்தப் பொண்ணைப் பத்திப் பெருமையாப் பேசுவீங்க. எப்படிச் சொல்றது?" என்றார். பிறகு மெல்ல, "வேணும்னா வேற ஸ்கூலுக்கு எழுதிக் கொடுத்துடறேன். அவங்களும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார்.

அவள் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் பிள்ளைகள் தங்கள் பக்கங்களைப் பலகையில் குத்திவிட்டு நூலைக் கட்டினார்கள். ஒழுகும் கூரை துளியோடு சேர்ந்தது. பூனை குளிரோடு சேர்ந்தது. முப்பது பக்கம் பலகையில் ஏறின. ஒன்று அவள் கைப்பைக்குள் இருந்தது. ரப்பர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினாள். டீச்சர் பார்க்காததுபோல் இருந்தாள். பிள்ளை எழுந்து கிட்டே வந்தாள்.

"டீச்சர், என் பக்கம் எங்க?"

"இருக்கு."

"அது எதோட ஒட்டும் டீச்சர்?"

"உன்னது எதோடயும் ஒட்டாது" என்றாள். அது தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று இருந்தது. குரல்கூட உயரவில்லை. "போய் உட்காரு. பின்னாடி. மூணாவது வரிசை."

பிள்ளை அழவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது வரிசைக்குப் போனாள். நோட்டைத் திறந்து, அதில் என்ன இருந்ததோ, ரப்பரை எடுத்து அழிக்க ஆரம்பித்தாள். மணி அடிக்கும்வரை அழித்துக்கொண்டே இருந்தாள்.

அதற்கடுத்த மூன்று நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை.

*

சனிக்கிழமை அரை நாள்தான் பள்ளி. பிள்ளைகள் போன பிறகு மழை பிடித்துக்கொண்டது. டீச்சர் வீட்டுக்குப் போகிற வழியை விட்டுவிட்டுப் பட்டறைக்குப் போகிற தெருவில் திரும்பினாள். இரண்டு வருஷமாக அந்த வளைவை அவள் மிதித்ததில்லை. ரோட்டைக் கடக்கும்போது கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கண்ணைத் திறந்துகொண்டே கடந்தாள்.

பட்டறையில் கூலிக்கு இருக்கிறவர் சாப்பிடப் போயிருந்தார். கணவர் லேத் முன்னால் நின்றிருந்தார். மிஷின் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது, காதைப் பிளக்கிற சத்தம். ஆனால் அதில் இரும்பு எதுவும் மாட்டியிருக்கவில்லை. வெறுமே சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். மழைச் சத்தம் கேட்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த மனுஷன் ஒவ்வொரு மழைக்கும் இங்கே ஓடிவருகிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அவளைக் கண்டதும் மிஷினை நிறுத்தினார். தகரக் கூரையில் மழை கொட்டியது.

"என்ன ஆச்சு? ஏன் இங்க வந்தே?"

கைப்பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினாள். அவர் கையைக் கந்தலில் துடைத்துவிட்டு வாங்கினார். சின்னப் பிள்ளையின் எழுத்தைக் கஷ்டப்பட்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். பாதியில் உதடு அசைவது நின்றுவிட்டது.

"இது யாரு எழுதினது?"

"அந்தாளோட பொண்ணு. என் கிளாஸ்."

அவர் முக்காலியில் உட்கார்ந்தார். வாசலில் தேங்கிய தண்ணீரில் இரும்புச் சுருள்கள் மிதந்து வந்து படியில் முட்டின.

"உள்ள வேலையா இருந்தேன்னு சொன்னீங்க."

"ம்."

"சத்தம் கேட்டுத்தான் வெளிய வந்தேன்னு சொன்னீங்க."

"பொய்" என்றார். "வாசல்லதான் நின்னேன். அந்தப் பக்கம் குடையோட நின்னுட்டு இருந்தா. காத்து குடையை மடக்கிடுச்சு, தூக்கவே முடியல. நனையுறாளேன்னு கூப்பிட்டேன். ஓடி வான்னேன். ரோட்டைப் பார்க்கல. நானும் பார்க்கல, அவளும் பார்க்கல. அப்பா கூப்பிடுறேன்னு ஓடி வந்தா."

"கோர்ட்ல?"

"கோர்ட்ல சொல்லிட்டேன். வேன் மெதுவாத்தான் வந்துச்சு, நான் கூப்பிட்டேன்னு சொல்லிட்டேன். அதனாலதான் அவருக்கு எட்டு மாச ஜெயிலோட போச்சு. ஜட்ஜ் முன்னாடி சொல்ல முடிஞ்சுது. உன் முன்னாடி முடியல."

"ரெண்டு வருஷமா அந்தாளைத் திட்டிட்டு இருக்கேன். பக்கத்துல உட்கார்ந்து கேட்டுட்டு இருந்தீங்க."

"ஆமா."

"ஒரு நாளாவது வாயைத் திறந்தீங்களா?"

"நீ அவரைத் திட்டுறப்ப எல்லாம் என்னைத்தான் திட்டுறேன்னு எடுத்துக்குவேன். வேணும் எனக்குன்னு உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் திட்டலைன்னா அன்னைக்குத் தூக்கம் வராது."

அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. அந்த மேஜையில் கிடக்கும் இரும்பை எடுத்து எங்கேயாவது வீச வேண்டும்போல் இருந்தது. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த மனுஷனைப் பார்த்தால், சட்டைக் காலருக்குள் கழுத்து எப்போதோ இளைத்துப் போயிருந்தது. அதை அவள் இத்தனை நாளாய்க் கவனிக்கவில்லை. வா என்று கூப்பிட்டவர் அவர். போ என்று அனுப்பியவள் யார்? அந்தக் கேள்வியை அவர் ஒரு தடவைகூட அவளிடம் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துகூட இருக்கலாம்.

தாளை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, மழையில் இறங்கி நடந்தாள்.

*

ஞாயிற்றுக்கிழமை காலையில் விசாரித்துக்கொண்டு ரப்பரின் வீட்டுக்குப் போனாள். மரக்கடைக்குப் பின்னால் ஒரே வரிசையில் ஆறு வீடு, நான்காவது வீடு. ஒரே அறை. தரை முழுக்க வெட்டிய காகிதம். நடுவில் உட்கார்ந்து அத்தை கவர் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஐந்து கவரை ஒன்றன்மேல் ஒன்றாகப் படி இறக்கி வைத்து, பசைத் துணியால் ஒரே இழுப்பு இழுத்து, மடித்து மடித்துத் தள்ளினாள். கை தன் பாட்டுக்கு ஓடியது. ஆளைக் கண்டதும் நின்றுவிட்டது.

"டீச்சரா? வாங்க. உள்ள வாங்க. உட்காரக்கூட இடம் இல்ல பாருங்க." கட்டிலில் இருந்த கவர்க் கட்டுகளை அவசரமாக ஒதுக்கினாள். வந்தது யார் என்று நன்றாகத் தெரிந்தவளின் படபடப்பு அது. "நாளைக்கு அனுப்பிடறேன் டீச்சர். வயித்து வலின்னா. என்ன ஏதுன்னு சொல்ல மாட்டேங்குறா. வேற ஸ்கூலுக்கு வேணும்னாலும் மாத்திடறோம். உங்களுக்குச் சங்கடம் வேண்டாம்."

"அவ எங்க?"

கட்டிலுக்கு அந்தப் பக்கம், சுவரோரம், காகித மூட்டைக்குப் பின்னால் ரப்பர் உட்கார்ந்திருந்தாள். முகத்தைக் காட்டவில்லை. டீச்சர் போய்த் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தாளை எடுத்து விரித்தாள்.

"டீச்சர் அன்னைக்குத் தப்பாச் சொல்லிட்டேன். உன் பக்கம் ஒட்டுது."

பிள்ளை திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே, "எதோட?" என்று கேட்டாள்.

"எங்க வீட்டோட."

இப்போது திரும்பிப் பார்த்தாள். "உங்க வீட்டுலயும் மழை பெய்யுமா?"

"பெய்யும்."

"உங்க வீட்டுலயும் சாப்பிட மாட்டாங்களா?"

"சாப்பிட மாட்டாங்க. பட்டறைக்குப் போய் நின்னுக்குவாங்க."

ரப்பர் அதைக் கொஞ்ச நேரம் யோசித்தாள். அவள் முகத்தைப் பார்த்தால் இரண்டு பக்கத்தையும் கையில் பிடித்துக்கொண்டு சேர்த்துப் பார்ப்பதுபோல் இருந்தது. என்ன முடிவுக்கு வந்தாளோ, டீச்சரிடம் எதுவும் கேட்கவில்லை. நகர்ந்து பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

அப்போதுதான் அவன் வாசலில் வந்து நின்றான். தோளில் மடித்துப் போட்ட சாக்கு, தலையெல்லாம் மரத்தூள். ஞாயிற்றுக்கிழமையும் லோடு இறக்கப் போயிருந்திருக்கிறான். டீச்சரைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டான். உள்ளே வரவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. இரண்டு வருஷமாக அவள் மனசுக்குள் இருந்தவன் தடித்த, சிவந்த கண் உள்ள ஒரு ஆள். இவன் ஒல்லியாக, அவள் தம்பி வயதில் இருந்தான்.

"பாப்பாவைக் கடைக்குக் கூட்டிட்டுப் போக்கா" என்றான். அத்தை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளியே போனாள்.

அவன் படியில் உட்கார்ந்தான், அவளுக்கு முதுகு பாதி காட்டி.

"உங்க கிளாஸ்னு சேர்த்தப்ப தெரியாதுங்க. தெரிஞ்சதும் நிறுத்திடலாம்னு சொன்னேன். அவ ஒரே பிடிவாதம். இந்த டீச்சர்தான் வேணும்னு அழுதா. எங்க வீட்டுல அவ எதையும் வேணும்னு கேட்டு அழுததே இல்லைங்க. அதான் விட்டுட்டேன்."

"நல்லாப் படிக்கிறா" என்றாள் டீச்சர்.

"ம்" என்றான். சாக்கிலிருந்து நாரைப் பிய்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அவரு எப்படி இருக்காருங்க?" என்று கேட்டான்.

மகள் போனபோது எத்தனையோ பேர் அவளிடம் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவரைப் பற்றி யாரும் கேட்டதாக நினைவில்லை. அவளே கேட்டதில்லை.

"இருக்காரு."

"அன்னைக்கு அவருதான் உங்க பாப்பாவைத் தூக்கிட்டு வேன்ல ஏறினாரு. ரொட்டி டிரே எல்லாத்தையும் கீழ தள்ளிட்டு உட்கார்ந்தாரு. நான் ஓட்டினேன். ஆசுபத்திரி போற வரைக்கும் என்னை ஒரு வார்த்தை சொல்லலைங்க. அடிப்பாருன்னு நினைச்சேன். அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். 'மெதுவாப் போங்க, ரோடு சரியில்ல, குலுங்குனா பாப்பாவுக்கு வலிக்கும்'னாரு."

அவன் இன்னொரு நாரைப் பிய்த்தான்.

"கண்ணாடியில பார்த்தேங்க. அப்பவே எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. எனக்குத் தெரிஞ்சுது. அவருக்குத் தெரியல. நான் சொல்லல. மெதுவாத்தான் ஓட்டினேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் நின்னு நின்னு இறக்கி ஏத்திப் போனேன். வாசல்ல டாக்டர் பார்த்துட்டு ஏன்யா இவ்வளவு லேட்டுன்னாரு. ரெண்டு பேரும் பேசாம நின்னோம்."

டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வாசல் படியில் அவனைத் தாண்டும்போது அவன் ஒதுங்கி இடம் விட்டான்.

"நாளைக்கு அவளை அனுப்புங்க. முதல் வரிசையில இடம் இருக்கு" என்றாள்.

*

வீட்டுக்கு வந்தபோது கணவர் சோறு வடித்து, பருப்பு தாளித்து, இரண்டு தட்டு எடுத்து வைத்திருந்தார். முந்தின நாள் பேச்சுக்குப் பிறகு இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அவள் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தாள். எப்போதும்போல் எதிர்ச் சுவர்ப் பக்கம் போகாமல் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அவர் பரிமாறினார்.

"அந்த மனுஷனைப் பார்த்துட்டு வரேன்."

அவர் கரண்டியை வைத்தார்.

"உங்களைக் கேட்டாரு. எப்படி இருக்காருன்னு."

"என்ன சொன்னே?"

"இருக்காருன்னேன்." கொஞ்சம் பொறுத்து, "நீங்க மெதுவாப் போகச் சொன்னீங்களாமே" என்றாள்.

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிசைந்த கை அப்படியே நின்றது. "முனகுற மாதிரி இருந்துச்சும்மா" என்றார். "எனக்கு அப்படித்தான் கேட்டுச்சு. குலுங்குறப்ப எல்லாம் முனகுறான்னு நினைச்சேன். அவளுக்கு வலிக்கக் கூடாதுன்னுதான்..." எச்சில் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே அழுதார். இரண்டு வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. மகளைக் கொண்டுபோன அன்றைக்குக்கூட எல்லோருக்கும் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டுதான் இருந்தார்.

உங்கள் தப்பு இல்லை என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. அது வேறு ஒரு நாள் வரலாம், வராமலும் போகலாம். அவர் அழுது முடிக்கும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.

"நான்தான் அனுப்பினேன்" என்றாள் பிறகு. "இருடின்னு சொல்லி என்கூடவே வச்சிருந்திருக்கலாம். அவ போகமாட்டேன்னுதான் நின்னா. குடையைக் கையில திணிச்சு அனுப்பினேன்."

அவர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார்.

"தெரியும்" என்றார்.

"எப்படி?"

"குடை உன்னோடது."

அவள் தலையை ஆட்டினாள். தட்டில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். "பருப்பை மட்டும் சூடு பண்ணட்டுமா?" என்று அங்கிருந்தே கேட்டாள். அவர் எழுந்து வந்து, அடுப்பைப் பற்றவைத்துக் கொடுத்தார்.